இன்னொரு ஊசி

"போடாதே" என்றார் டாக்டர் கேப்டன் அருளானந்தம்.

என் கையில் மார்ஃபின் ஊசி. ஸ்ட்ரெச்சரில் இசக்கியப்பன். குண்டுச் சிதறலில் இடது முழங்காலுக்குக் கீழே எல்லாம் கூழாகியிருந்தது. பனிமலை உச்சியில் ஐந்து மணி நேரம் கிடந்தவனை அப்போதுதான் எங்கள் கூடாரத்துக்குத் தூக்கி வந்திருந்தார்கள்.

மேலேயே ஓர் ஊசி போட்டாயிற்றாம். வலி அதற்குக் கேட்கவே இல்லை.

"சார், இன்னும் ஒண்ணே ஒண்ணு. கும்பிட்டுக் கேக்கேன்" என்று கெஞ்சினான் இசக்கியப்பன்.

கேப்டன் அருளானந்தம் தலையசைத்தார். மாட்டாராம்.

பெட்டி நிறைய ஊசி இருக்கிறது. இவர் அப்பன் வீட்டுச் சொத்தா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வெறும் நர்சிங் உதவியாளன். கேப்டனை மனதுக்குள்தான் திட்ட முடியும்.

இசக்கியப்பனுக்கு அந்தத் தடை இல்லை.

"நீரெல்லாம் ஒரு டாக்டராவே? ஆடு அறுக்கத்தான்வே லாயக்கு! நாசமாப் போவீரு!"



அவர் தன் கோட்டைக் கழற்றி அவன்மேல் போர்த்தினார். காலுக்குக் கட்டுப் போட்டார். விறைத்த அவன் கைகளை எடுத்துத் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"திட்டு தம்பி. நிறுத்தாதே."

அவன் நிறுத்தவில்லை. அவருடைய அப்பா, தாத்தா, ஒருத்தரையும் விட்டுவைக்கவில்லை.

முக்கால் மணி நேரம்.

கூடாரத்து அடுப்புச் சூட்டில் அவன் உதடு சிவந்தது. வசவு குழறியது. கண் சொருகியது.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அவன் மூச்சை எண்ணினார். நிமிடத்துக்கு எட்டு.

எட்டு.

பிறகு பத்து. பன்னிரண்டு.

"பிழைச்சுக்குவான்" என்றார். "குளிர்ல மருந்து தோலுக்கடியிலயே கிடக்கும். உடம்பு சூடானாத்தான் ரத்தத்துல இறங்கும். ரெண்டு போட்டிருந்தா ரெண்டும் ஒண்ணா இறங்கி மூச்சை நிறுத்தியிருக்கும்."

என் கையிலிருந்த ஊசியைப் பார்த்தேன். அதைப் பெட்டியில் திரும்ப வைத்தேன். என்ன மனுஷன் ஐயா இவர்! அத்தனை வசவையும் வாங்கிக்கொண்டு ஓர் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறார்.

"காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தருவாங்களா சார்?"

கோட்டில்லாமல் அவர் பற்கள் கிட்டித்தன. 

"இல்ல. போன மாசம் ஒருத்தன் இதே மாதிரி கும்பிட்டான். மனசு கேக்கல, ரெண்டாவதையும் போட்டுட்டேன். 'நீங்க நல்லா இருக்கணும் சார்'னு சொல்லிட்டுத் தூங்கினான்."