டீசல் அண்ணனும் சோலார் தங்கச்சியும்

ஒரு தீவில் டீசல் ஜெனரேட்டர் ஒன்றுதான் ஊருக்கே கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்தது. அதன் புகைக்குழாய்க்கு நேரெதிரே ஒரு சோலார் பலகையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சீக்கிரமே பலகையின் முகமெல்லாம் கரி.

"அண்ணே, குழாயைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிக்குங்க. வெயிலே என்மேல படமாட்டேங்குது."

"உழைக்கத் துப்பில்லைன்னா வாயை மூடிக்கிட்டு நில்லு தங்கச்சி."

"உழைக்க விட்டாத்தானே! இது நீங்க பூசின கரி."

"யார் பூசினா என்ன? இருக்கிறது உன் மூஞ்சியிலதானே!"

கம்பத்திலிருந்த காகம், "அவர் எவ்வளவு காலமா உழைக்கிறவர்! நீதான் அனுசரிச்சுப் போயேம்மா," என்றது.

அதிகாரிகள் வந்து மீட்டரைப் பார்த்தார்கள். பலகையை ஒருவரும் துடைத்துப் பார்க்கவில்லை. "இது தேறாது" என்று சொல்லி, இன்னொரு ஜெனரேட்டர் வாங்கினார்கள். புதியது வெயிலில் காயக்கூடாதென்று, பலகையின் ஒயரை அறுத்து, பலகையை அதற்குக் கூரையாகப் போட்டார்கள்.

"பார்த்தியா, உனக்கும் ஒரு வேலை போட்டுக் கொடுத்துட்டோம்," என்றது பழைய ஜெனரேட்டர்.

அடுத்த மழையில் கரியெல்லாம் கழுவிப்போனது. மறுநாள் வெயில் பளீரென்று பலகைமேல் விழுந்தது.

"இப்ப ஒயரை மாட்டிப் பாருங்கய்யா!" என்று அது கத்தியது. இரண்டு ஜெனரேட்டர்களின் இரைச்சலில் அது யார் காதிலும் விழவில்லை.