காதுப் பரிசோதனை

சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், காதில் ஹெட்போனோடு, கண்ணை மூடி உட்கார்ந்து அழுத்திக்கொண்டே இருந்தான் அந்தப் பாவி.

கொசு பறக்கிற அளவுக்குச் சத்தத்தைக் குறைத்தேன். அழுத்தினான்.

இன்னும் குறைத்தேன். அதற்குக் கீழே இறங்க மெஷினில் இடமே இல்லை. அதற்கும் அழுத்தினான்.

போலீஸ் வேலைக்கு எடுக்கிறவர்களுக்குக் காது சோதிப்பது என் பிழைப்பு. என் கையசைவைப் பார்த்தே பட்டனை அழுத்திப் பாஸாகிற கில்லாடிகள் உண்டு. அதனால் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லிவிடுவேன். இவனையும் சொன்னேன். பெயரைப் பார்த்ததுமே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது எனக்கு.

என் தம்பி வேறொரு ஊர் லாக்கப்பில் செத்தபோது வாசலில் காவலுக்கு நின்றவன் இவன்தான்.

தம்பிக்கு வீசிங் உண்டு. இன்ஹேலரைப் பிடுங்கி மேஜைமேல் வைத்துவிட்டார்கள்.

தனக்குக் காது மந்தம், உள்ளேயிருந்து கூப்பிட்டது எதுவும் கேட்கவில்லை என்று விசாரணையில் சொன்னான். அதற்கு ஒரு டாக்டர் சர்டிபிகேட் வேறு. பாவம், காது கேட்காத மனுஷன் என்று விட்டுவிட்டார்கள். அப்புறம் இந்தத் துரை தானாகவே ராஜினாமா செய்துவிட்டார். தண்டனையும் இல்லை, ஒரு கெட்ட பெயரும் இல்லை.

இந்த ஊரில் அனுபவம் உள்ள ஆட்கள் தேவை என்றதும் வந்துவிட்டார். பழைய இடத்தில் என்ன செய்தாய் என்று இங்கே ஒருத்தர் கேட்கவில்லை. உயரம் பார்த்தார்கள், எடை பார்த்தார்கள், பல்லைக்கூட எண்ணினார்கள்.

காது கேட்கவில்லை என்று எழுதித் தொலைத்துவிடு என்றது மனசு. ரிப்போர்ட்டில் கேட்கும் அளவைக் காட்டும் கோட்டைக் கொஞ்சம் கீழே இறக்கிப் போட்டால் போதும், ஆள் வீட்டுக்குப் போய்விடுவான்.

பேனாவை எடுத்தும் விட்டேன். அப்புறம்தான் உறைத்தது.

செவிடு என்று எழுதினால், அன்று அவன் சொன்ன பொய்க்குச் செத்தவனின் சொந்த அக்காவே சாட்சிக் கையெழுத்துப் போட்ட மாதிரி. நன்றாகக் கேட்கிறது என்று எழுதினால், நாளைக்கே லத்தியைக் கொடுத்து இன்னொரு லாக்கப் வாசலில் நிறுத்திவிடுவார்கள். பொய் சொன்னான் என்று இந்தக் காகிதத்தைக் கொண்டுபோய்க் காட்டலாமா? முடிந்த கேஸ் முடிந்ததுதான் என்று வக்கீல் எப்போதோ கைவிரித்துவிட்டார்.

எப்படி எழுதினாலும் அவனுக்குத்தான் லாபம். நல்ல கூத்து.

கடைசிச் சோதனை ஒன்று பாக்கி இருந்தது. நான் மைக்கில் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும்.

பந்து என்றேன். பந்து என்றான். மரம் என்றேன். மரம் என்றான். ஜன்னலையும் நல்ல பிள்ளையாகத் திருப்பிச் சொன்னான்.

தம்பி எப்படிக் கூப்பிட்டான் என்று பக்கத்து அறையில் அடைபட்டிருந்தவர் பிறகு என்னிடம் சொல்லி அழுதார். பாதியிலேயே அவரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். அதற்குமேல் அவருக்குத் தெரியாது.

சத்தத்தை அடிமட்டத்துக்கு இறக்கினேன். மைக்கை வாயோடு ஒட்டிவைத்து, அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அண்ணே, மூச்சு முட்டுது."

மூடிய கண்ணோடு, கொஞ்சமும் தடுமாறாமல் திருப்பிச் சொன்னான்.

"அண்ணே, மூச்சு முட்டுது. எங்கக்காவுக்கு ஒரு போன் பண்ணுங்க."

இரண்டாவதை நான் சொல்லவில்லை.

அது அவனுக்கும் தெரிந்துவிட்டது. கண்ணைத் திறந்து, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான். பிறகு ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற எல்லோரையும் போலத் தலையைக் குனிந்து உட்கார்ந்துகொண்டான்.

இவ்வளவு நேரமா என்று வெளியே டாக்டர் கதவைத் தட்டினார்.

இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேறென்ன எழுத?

அன்றைக்கு நான் வீட்டில்தான் இருந்தேன். போன் பக்கத்திலேயேதான் இருந்தது.