வெள்ளிக் கிரகத்துத் தொழிற்சாலை

"இந்தக் கதைய எழுதின ஆளு எங்க?"

கையிலிருந்த பத்திரிகையை மேஜைமேல் ஓங்கி அடித்தாள் பெர்னிஸ். மைப்புட்டி ஒரு துள்ளு துள்ளி நின்றது.

சிகாகோவில் 'நாளைய விந்தை' என்ற விஞ்ஞானக் கதை மாத இதழின் அலுவலகம் அது. வருடம் 1928. ஆசிரியர் ஹெஸ்லர் நிமிர்ந்து பார்த்தார். தொப்பி கோணிப்போய், முகமெல்லாம் சிவந்து, எதிரே ஒரு பெண். இருபத்திரண்டு வயது இருந்தால் அதிகம்.

"எந்தக் கதைம்மா?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. அட்டையிலயே படம் போட்டிருக்கீங்களே! வெள்ளிக் கிரகத்துல ஒரு கடிகாரத் தொழிற்சாலை. பொண்ணுங்க வரிசையா உக்காந்து, இருட்டுல மின்னுற ரேடியம் மையால எண்களைத் தீட்டுறாங்க. தூரிகைய உதட்டுல வச்சு வச்சுக் கூர் பண்ணிக்கிறாங்க. அப்புறம் ஒவ்வொருத்தியா தாடை உதிர்ந்து சாகுறாங்க. நல்ல பொழுதுபோக்கு சார்!"

"கதை பிடிக்கலையா?"

"என் அக்கா லெட்டி அப்படித்தான் செத்தா! ரெண்டு மாசம்கூட ஆகல."

ஹெஸ்லர் பேனாவைக் கீழே வைத்தார்.

"உக்காருங்கம்மா."

"உக்கார வரல. எழுதினது மார்ஷ்னு போட்டிருக்கீங்களே, அந்த ஆளைக் கூப்பிடுங்க. அவன் மூஞ்சியப் பாத்துக் கேக்கணும். கதையில வர்ற பொண்ணு நடன உடுப்போடயே வேலைக்குப் போறா, மைத் தூள் ஒட்டி ராத்திரி ஆடறப்ப உடுப்பு ஜொலிக்கணும்னு. அது எங்க லெட்டி! வீங்கின தாடைக்கு நீலத் துணி கட்டிக்கிறாளே, அது என் கழுத்துத் துணி! எங்க வீட்டுக்குள்ள நடந்தது இவனுக்கு எப்படித் தெரியும்? பல் டாக்டர் சொன்னாரா? இல்ல, நர்ஸா?"

"யாரும் சொல்லல."

"பொய்! அவ வலியில துடிச்சதை இருபத்தஞ்சு சென்ட்டுக்குக் கடையில தொங்க விட்டிருக்கீங்க. வெக்கமா இல்ல?"

பக்கத்து அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றுபோனது. பெர்னிஸ் அதைப் பொருட்படுத்தவில்லை. விடிகாலை ரயிலில் ஏறியதிலிருந்து மனசுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது எல்லாம் வெளியே வந்து விழுந்தது.

"முதல் இதழ்லேர்ந்து நான் உங்க வாசகி. நிலாவுக்குப் போற ராக்கெட், கடலுக்கடியில நகரம்... எனக்கு இதெல்லாம் உசிரு. லெட்டி தொடக்கூட மாட்டா. 'என்னடி கிறுக்குத்தனம் இது'ன்னு சிரிப்பா. அவ சாவையே என் கையில குடுத்துப் படிக்க வச்சிட்டீங்களே!"

ஹெஸ்லர் தாழ்ந்த குரலில் கேட்டார்:

"கதைக்குக் கீழ ஒரு விஞ்ஞானக் குறிப்பு இருக்குமே, 'இது நடக்குமா?'ன்னு. அதைப் படிச்சீங்களா?"

"எப்பவும் அதைத்தான் முதல்ல படிப்பேன். இந்தத் தடவை அந்தப் பக்கத்துக்கே போகல. பாதியிலயே கண்ணு இருட்டிடுச்சு."

"உங்க அக்கா எதனால செத்தாங்க?"

"தொண்டை நோய்னு டாக்டர் எழுதிக் குடுத்தாரு."

"உங்க அக்கா என்ன சொன்னாங்க?"

"மைதான் காரணம்னு சொல்லிக்கிட்டே இருந்தா. கடைசியில பேச்சே வரல, தாள்ல எழுதி எழுதி நீட்டுவா. 'சும்மா இரு அக்கா, மேலிடத்துக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்'னு நான்தான் எல்லாத்தையும் அடுப்புல போட்டேன்."

"யார் வேலை போயிடும்?"

"என் வேலை." அவள் குரல் இறங்கியது. "நானும் அதே கடிகாரத் தொழிற்சாலையிலதான். இப்ப அவ நாற்காலியிலதான் உக்கார்றேன். இன்னைக்கு லீவு போட்டுட்டு வந்தேன்."

ஹெஸ்லர் எழுந்தார். அலமாரியைத் திறந்து ஒரு கட்டுத் தாள்களை எடுத்து அவள் முன்னால் வைத்தார். பென்சில் எழுத்து. வரிகள் மேலும் கீழுமாக ஓடின.

"மார்ஷ்னு ஒரு ஆளு கிடையாதும்மா. அந்தப் பேரை நான்தான் வச்சேன். வேற பேர்ல போடணும்னு எழுதினவங்களே கேட்டிருந்தாங்க."

முதல் தாளைப் பார்த்ததுமே பெர்னிஸ் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள். அந்தக் கையெழுத்து யாருடையது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"மூணு மாசத்துக்கு முன்னால வந்துச்சு" என்றார் ஹெஸ்லர். "வந்ததும் போட்டிருக்கலாம். குறிப்புக்காகத்தான் தாமதம். மூணு பேராசிரியர்களுக்கு எழுதினேன். ஒருத்தர்தான் பதில் போட்டாரு."

பத்திரிகையைப் புரட்டி, அவள் போகாத அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டினார். 'இது நடக்குமா?' என்ற தலைப்புக்குக் கீழே முதல் வார்த்தை: 'நடக்கும்.'

"இது கதையோட வந்த கடிதம்" என்று இன்னொரு தாளை நீட்டினார்.

பெர்னிஸ் படித்தாள்.

'ஐயா, எனக்குக் கதை எழுதிப் பழக்கமில்லை. எப்படி வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் கீழே ஒரு நிஜப் பேராசிரியரின் குறிப்பு கட்டாயம் இருக்க வேண்டும். என் தங்கை நான் சொன்னால் நம்ப மாட்டாள். உங்கள் பத்திரிகை சொன்னால் நம்புவாள். தயவுசெய்து சீக்கிரம் போடுங்கள். அவள் இன்னும் தூரிகையை வாயில்தான் வைக்கிறாள்.'