பூஞ்சை புடிச்ச லென்ஸ்

"அது வேணாம் சார். உள்ள பூஞ்சை புடிச்சிருக்கு."

தஞ்சாவூர் கேமரா கடையில அப்சர் பாய் இப்படிச் சொன்னதும் எனக்குச் சுருக்குன்னுச்சு.

சொன்னது என்கிட்ட இல்ல. புதுசா ஸ்டுடியோ வைக்கணும்னு வலங்கைமான்லேருந்து வந்திருந்த ஒரு தாடிக்காரர்கிட்ட. அவரு கேட்டது, கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்த ஒரு பழைய வெள்ளை லென்ஸை.

அதோட மூடியில சிவப்பா ஒரு பொட்டு. என் நகப்பாலீஷ்! கல்யாண வீட்டுல நாலு கேமராக்காரங்க சாமானும் ஒண்ணாக் கெடக்கும், மாறிடக்கூடாதுன்னு நான் வச்ச அடையாளம்.

எங்க லென்ஸ் அது. ரெண்டு வருஷத்துக்கு முன்ன என் ஆபரேஷனுக்காக என் வீட்டுக்காரர் வெற்றிசெல்வன் இதே கடையில வித்தாரு. நாகப்பட்டினத்துல பத்து வருஷம் கல்யாணம், காதுகுத்து எல்லாத்தையும் அதுலதான் எடுத்தாரு. வித்துட்டு வந்தவரு நேரா ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டப் போயிட்டாரு. படுத்திருந்த நான்தான் அழுதேன்.

இப்ப நாங்க ரெண்டு பேரும் வந்தது புதுக் கேமரா வாங்க. தை மாசத்துக்கு ஆறு கல்யாணம் பேசியிருக்கு. பொண்ணு வீட்டுக்காரங்க தேதியைச் சொல்றதுக்கு முன்னாடியே "புது மாதிரி மிரர்லெஸ் கேமராதானே?"ன்னு கேக்குறாங்க. என்ன பண்றது?

ஏற்கெனவே பாய் மேல எனக்குக் கடுப்பு. இவரு ஆசையா புது மாடலை லென்ஸோட கேட்டா, அவரு சொல்றாரு:

"அது ஓடுற புலியை எடுக்குறதுக்கு வெற்றி. தாலி கட்டுற மாப்பிள்ளை எங்க ஓடப்போறாரு? அதுக்கு முந்தின மாடலை எடுங்க. இப்பதான் விலை எறங்கியிருக்கு. ரெண்டு மெமரி கார்டு போடலாம், ஒண்ணு மக்கர் பண்ணாலும் படம் போகாது. பாடி மட்டும் போதும். லென்ஸ் வேணாம்."

லென்ஸ் இல்லாத கேமராவ வச்சு மாலையா போடுறது? மீன் விக்கிறவ புருஷனுக்கு இவ்வளவு போதும்னு நெனச்சுட்டாரு போலன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்பதான் இந்தப் பூஞ்சைப் பேச்சு காதுல விழுந்துச்சு.

"பாய்! யாரு லென்ஸ்ல பூஞ்சை?"

"மலரு, சும்மா இரு"ன்னு இவரு கையைப் புடிச்சாரு.

"நீங்க சும்மா இருங்க. ஊரு பூரா நம்ம பேரு நாறுது."

தாடிக்காரர் நைசா நழுவிட்டாரு.

"கடக்காத்து கதவுக் கொண்டியைக்கூட விட்டு வைக்காது பாய். அந்த ஊருல டப்பாவுல போட்டு, வெள்ளிக்கிழமை தவறாம டார்ச் அடிச்சுப் பாத்து, புள்ளை மாதிரி வச்சிருந்தேன். பதினெட்டு வருஷமா மீன் விக்கிறேன். கெட்டதை நல்லதுன்னு எவ தலையிலயும் கட்டினதில்ல. நீங்க வாங்குனப்ப அதுல பூஞ்சை இருந்துச்சா? சொல்லுங்க!"

பாய் கண்ணாடிப் பெட்டிப் பக்கம் திரும்பினாரு.

"சரி, இங்க வந்து புடிச்சிச்சுன்னே வைங்க. ஈரம் உள்ள புகாத பெட்டி அது. கடையிலயே விலை கூடின லென்ஸெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. பூஞ்சை ஒண்ணுலேருந்து ஒண்ணுக்குத் தாவும்ல? கெட்ட மீனை எவளாவது நல்ல மீன் கூடையில போடுவாளா?"

பாய் சிரிச்சுட்டாரு.

"மாட்டிக்கிட்டேன் தங்கச்சி."

லென்ஸை வெளிய எடுத்து, டார்ச்சையும் என் கையில குடுத்தாரு. அடிச்சுப் பாத்தேன். அப்பப் புடிச்ச வஞ்சிரத்தோட கண்ணு மாதிரி பளிச்சுன்னு இருந்துச்சு. ஒரு துளி அழுக்கு இல்ல.

அப்புறம் பாய் ஒரு சின்ன வளையத்தை எடுத்து கேமராவுல மாட்டினாரு. அதுல எங்க லென்ஸைத் திருகி, இவரு கையில குடுத்தாரு.

"அதுக்குத்தான் பாடி மட்டும் போதும்னேன். இந்த அடாப்டர் போட்டா இது புதுசுலயும் அப்படியே வேலை செய்யும். நான் வாங்குன விலைதான் வெற்றி, எடுத்துக்குங்க. அன்னைக்கு வித்துட்டுப் படியிறங்குறப்ப மூணு தடவை திரும்பிப் பாத்தீங்க. அதைப் பாத்துட்டு எப்படி இன்னொருத்தருக்குக் குடுக்குறது?"

இவரு கேமராவைக் கண்ணுல வச்சவரு எடுக்கவே இல்ல. எதுக்குன்னு எனக்குத் தெரியும்.

கையெடுத்துக் கும்பிட்டேன்.

"தெரியாம கத்திட்டேன் பாய், மன்னிச்சுக்குங்க. நீங்களும் உங்க புள்ளைக்குட்டிகளும் நல்லா இருக்கணும்."

"அட, விடு தங்கச்சி."

ஆனா கேக்காம இருக்க முடியல.

"எங்களுக்குன்னு வச்சிருந்தா, விக்கிறதுக்கில்லைன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே பாய்? அதுக்கு ஏன் ஒரு பொய்?"

பாய் கண்ணாடிப் பெட்டியைச் சாத்தினாரு.

"சொல்லிப் பாத்தேன். விக்கிறதுக்கில்லைன்னா ரெட்டிப்பு விலை தர்றேன்னு வந்து நிக்கிறாங்க. நானும் வியாபாரிதானே தங்கச்சி, என்னைக்காவது ஒரு நாள் ஆசை வந்துட்டா? பூஞ்சைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டா, அப்புறம் நானே நெனச்சாலும் விக்க முடியாதுல்ல!"