ஜெர்மனி வீட்டு ஹீட்டர்

"ஸ்பேனர அப்படியா புடிப்பாங்க? குழம்புக் கரண்டியப் புடிக்கிற மாதிரி புடிச்சிருக்கான் பாரு!"

செல்போன் திரையைப் பார்த்து ஸ்தனிஸ்லாஸ் அலுத்துக்கொண்டார். மனைவி ராஜமேரி போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்தாள்.

போனில் தெரிந்தது ஜெர்மனியில் இருக்கும் மகள் சில்வியாவின் வீடு. விடிந்ததிலிருந்து ஹீட்டர் வேலை செய்யவில்லையாம். வெளியே மைனஸ் ஆறு டிகிரி, உள்ளே ஐந்து மாதக் குழந்தை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் மெக்கானிக் யாரும் வரமாட்டார்களாம்.

பாலக்கோட்டில் சர்க்கரை ஆலை பாய்லரோடு முப்பத்தோரு வருடம் மல்லுக்கட்டி ரிட்டயர் ஆனவர் ஸ்தனிஸ்லாஸ். வேறு வீடாக இருந்தால் இந்நேரம் போனைப் பிடுங்கியிருப்பார். ஆனால் ஸ்பேனரும் கையுமாக நிற்பவன் அன்பு. மாதா கோயிலில் கல்யாண ஓலைகூட வாசிக்காமல், ரிஜிஸ்டர் ஆபீசில் சில்வியாவைக் கட்டிக்கொண்டு போன வேற்று மதத்துப் பையன்.

இரண்டு வருடமாக அவர்கள் இருவரோடும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்புவைப் பற்றி ராஜமேரி வாயைத் திறந்தாலே டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார். ஜெர்மனி என்றால் கம்ப்யூட்டர் வேலைதான், அதில் கேட்க என்ன இருக்கிறது?

"என்னாங்க, புள்ளைக்கி மூக்கெல்லாம் செவந்து போச்சாம்," என்றாள் ராஜமேரி.

அதற்கு மேல் அவருக்குப் பொறுக்கவில்லை. பேத்தியை அவர் இன்னும் கையில் வாங்கியதுகூட இல்லை. நாற்காலியைப் போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, "பிரஷர் முள்ளு எங்க நிக்குதுன்னு அந்தாளக் கேளு," என்றார் மனைவியிடம்.

போன் என்னவோ அவர் முகத்துக்கு நேராகத்தான் இருந்தது. ஆனாலும் ராஜமேரி குனிந்து, "முள்ளு எங்க நிக்குதுன்னு மாமா கேக்கறாருப்பா," என்றாள்.

"ஒன்னுக்குக் கீழ நிக்குதுங்க அத்தை."

"அடியில தண்ணிக் குழா ஒன்னு இருக்கும், கொஞ்சமாத் தொறக்கச் சொல்லு. முள்ளு ஒன்றரையத் தொட்டதும் மூடச் சொல்லு."

"எந்தப் பக்கம் திருகணும்னு மாமாவக் கேளுங்க அத்தை."

ஸ்தனிஸ்லாஸ் தலையில் அடித்துக்கொண்டார். "இடது பக்கம்! கீபோர்டு தட்டற கை, வேற எப்படி இருக்கும்?"

முள் ஏறியது. ஆனால் சுவரோரம் இருந்த, வெந்நீர் ஓடும் ரேடியேட்டர் சரியாகச் சூடாகவில்லை. சில்வியா தொட்டுப் பார்த்து, "கீழ லேசா சூடு வருதும்மா, மேல ஜில்லுன்னு கெடக்கு," என்றாள்.

"காத்து அடைச்சிருக்கு!" ஸ்தனிஸ்லாஸ் தொடையைத் தட்டினார். "மேல ஓரமா, குட்டியா ஒரு ஸ்க்ரூ..."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அன்புவின் கையிலிருந்த சின்னச் சாவி அந்த ஸ்க்ரூவில் போய் உட்கார்ந்துவிட்டது. சில்வியா இருமினாள். அவன் சட்டென்று கையை எடுத்துக்கொண்டு, "இதுங்களா அத்தை?" என்றான்.

"அதேதான்டா! அரைச் சுத்து போதும். புஸ்ஸுன்னு காத்து போவும், பயப்படாத. தண்ணி சொட்டினதும் இறுக்கிடு!"

சொல்லிவிட்டார், நேராகவே. அது அவருக்கே தெரியவில்லை. ராஜமேரிதான் குனியப் போனவள் அப்படியே நிமிர்ந்துகொண்டாள்.

புஸ்ஸென்ற சத்தம் பாலக்கோடு வரைக்கும் கேட்டது. தண்ணீர் சொட்டியது, அன்பு இறுக்கினான். ஐந்து நிமிடத்தில் சில்வியா ரேடியேட்டரில் கையை வைத்து, "சூடாயிடுச்சுப்பா!" என்று கத்தினாள்.

இரண்டு வருடம் கழித்துக் கேட்கிற 'அப்பா'. ஸ்தனிஸ்லாஸ் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துக்கொண்டார். சில்வியா குழந்தையைத் திரைக்கு அருகே தூக்கிக் காட்டியதும், "என் தங்கம், இனிமே குளிராதுடா, தாத்தா சரி பண்ணிட்டேன்," என்று என்னென்னவோ கொஞ்சினார்.

பிறகு செருமிக்கொண்டு, "பரவால்ல மாப்ள, சொன்னதும் புடிச்சிக்கிற," என்றார்.

'மாப்ள' என்றதும் அன்பு அங்கே எழுந்தே நின்றுவிட்டான்.

"எங்கிட்ட ஆறு மாசம் இருந்திருந்தீன்னா உன்ன நல்ல வேலைக்காரனா ஆக்கியிருப்பேன். பொட்டி தட்டறதுல என்னா இருக்குது? ஆமா, நீ எந்தக் கம்பெனியில இருக்கற?"

அன்பு சில்வியாவைப் பார்த்தான். சில்வியா அம்மாவைப் பார்த்தாள். ராஜமேரி அடுப்படியில் வேலை இருப்பதுபோல எழுந்து போய்விட்டாள்.

"ஹீட்டர் ரிப்பேர் கம்பெனியிலதாங்க மாமா."