ஒரு மீன் கொத்தட்டும்

மாசானம் ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் தூண்டிலோடு நின்றார். கரையில் செம்புக் கம்பிச் சுருளோடு இரண்டு பேர். கம்பியின் ஒரு முனையை ஏற்கெனவே தண்ணீருக்குள் போட்டிருந்தார்கள். மறுமுனையை மூங்கிலில் கட்டி, மேலே போகும் மின்கம்பியில் கொக்கி போட்டுவிட்டால், சினை மீன் முதல் குஞ்சு வரைக்கும் செத்து மிதக்கும். தண்ணீரில் நிற்கிற ஆளும்தான்.

"அண்ணாச்சி, கரை ஏறுங்க. கரண்ட் போடணும்," என்றான் தாடிக்காரன், மரியாதையாகத்தான்.

"ஒரு மீன் கொத்தட்டும்டே. உடனே ஏறிருதேன்."

அவர்கள் வருவதைப் பார்த்ததுமே மாசானம் மீன்வளத் துறைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். ஜீப் கிளம்பிவிட்டது என்றார்கள். அது வரும்வரை கரை ஏறக் கூடாது, அவ்வளவுதான். தக்கையைப் பார்ப்பதுபோலப் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாலம் காலியாகக் கிடந்தது.

தக்கை துடித்தது. சடாரென்று உள்ளே போனது. கம்பு வில்லாய் வளைந்தது. பெரிய மீன். மாசானம் கையை அசைக்கவேயில்லை. கொஞ்ச நேரத்தில் கம்பு நிமிர்ந்தது. தக்கை மேலே வந்து சும்மா மிதந்தது.

தாடிக்காரன் தண்ணீர் ஓரம் வரைக்கும் இறங்கி வந்தான்.

"கொத்திட்டுல்லா அண்ணாச்சி," என்றான். "ஏன் சுண்டி இழுக்கல?"

மாசானத்தின் கண் மறுபடியும் பாலத்துக்குப் போனது; தாடிக்காரனும் அங்கே திரும்பிப் பார்த்தான்.

"யாருக்குவே போன் போட்டீரு?"

பின்னால் நின்றவன் மூங்கிலைத் தூக்கினான். கொக்கி மின்கம்பிக்கு ஒரு முழம் கீழே ஆடியது.

மாசானம் தூண்டிலைத் தண்ணீரோடு போகவிட்டார். பிறகு அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இன்னும் ஆழத்துக்கு நடந்தார்.