ராஜாங்கம் தோற்றுப்போனார்

ராஜாங்கம் ஐயா ஒருவழியாகத் தன் திருட்டுத்தனத்தை ஒப்புக்கொண்டுவிட்டார். அதுவும் நானூறு பேர் படிக்கிற எங்கள் இணையக் குழுமத்தில், காலை ஏழு மணிக்கு, சொந்தப் பெயரைப் போட்டு.

படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புதுச்சேரியில் பாதி, பிரான்ஸில் பாதி என்று ஆட்கள் சேர்ந்து அரட்டையடிக்கும் குழுமம் அது. நான் மாடரேட்டர். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு. ரேஷன் கார்டில் ஆரம்பித்தாலும் நாலாவது மடலில் யார் உள்ளூர், யார் வெளியூர் என்று அடித்துக்கொள்வார்கள்.

2007-ல் வந்தது டி.என்.ஏ. தகராறு. குடும்பத்தை பிரான்ஸுக்கு அழைத்துக்கொள்கிறவர்களின் பிள்ளைகள் உண்மையில் அவர்கள் பிள்ளைகள்தானா என்று சோதனை செய்ய அங்கே சட்டம் கொண்டுவரப் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் அதற்குள் இங்கே பார்லிமென்ட்டே நடத்திவிட்டார்கள்.

"நல்ல சட்டம். போலி ஆசாமிகளால்தான் எங்கள் விசா தாமதமாகிறது" என்று எழுதினான் இளஞ்செழியன். பிளஸ் டூ முடித்தவன். அப்பா பாரீஸில். அவனும் அம்மாவும் விசாவுக்காகக் காத்திருந்தார்கள்.

"எச்சிலைத் தொட்டுப் பார்த்து உறவு சொல்ல மெஷின் யார்?" என்று பதில் போட்டார் ராஜாங்கம்.

அவர் முதலியார்பேட்டைக்காரர், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று வருஷத்தில் எந்த விவாதத்திலும் ஓர் அங்குலம் இறங்கி வந்ததில்லை. தப்பென்று கண்ணெதிரே காட்டினால், நம் கண்ணைப் பரிசோதிக்கச் சொல்கிற ஆள்.

பத்து நாளில் நாற்பத்து மூன்று மடல் எழுதினார். கெஞ்சினேன், அதட்டினேன். எழவு, ஒருத்தரும் நிறுத்தவில்லை.

கடைசியில் இளஞ்செழியன் சவால் விட்டான்.

"என் அப்பா கலியமூர்த்தி, அம்மா மாலா. திங்கட்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு சென்னையில் ஒரு லேபில் சோதனை செய்துகொள்ளப் போகிறேன். ரிசல்ட்டை இங்கேயே போடுவேன். எனக்குப் பயமில்லை. ராஜாங்கம் ஐயாவுக்கு ஏன் பயம்?"

மறுநாள் காலையில்தான் அந்த ஒப்புதல்.

"என் அண்ணன் மகனை என் மகன் என்று காட்டி இருபது வருஷத்துக்கு முன்பு பிரான்ஸுக்கு அனுப்பினேன். அந்தப் பயத்தில்தான் சோதனையை எதிர்த்தேன். இளஞ்செழியன் ஜெயித்துவிட்டார். இனி யாரும் எதையும் நிரூபிக்க வேண்டாம்."

அவ்வளவுதான். ஆளாளுக்குக் காறித் துப்பினார்கள். இளஞ்செழியன் எனக்கு போன் செய்தான்.

"பாத்தீங்களாண்ணே? கான்சுலேட்டுக்கு எழுதப் போறேன். முதல்ல அந்த ஆளை குழுமத்தவுட்டுத் தூக்குங்க."

தூக்கினேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. இவருக்காக எத்தனை பேரிடம் சண்டை போட்டிருப்பேன். நேரில் நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று அன்று சாயந்திரம் அவர் வீட்டுக்குப் போனேன்.

அவர் மனைவி செல்வாம்பாள் கதவைத் திறந்தார்.

"உங்க பையன் பிரான்ஸ்ல எங்க இருக்காருங்க?" என்றேன், எடுத்த எடுப்பிலேயே.

"எங்களுக்கு ஏதுப்பா பையன்? புள்ளையில்லாத வூடு இது."

"இவரோட அண்ணன் பையனையாவது..."

"அண்ணனா? பொறந்ததுல மூத்தவரே இவருதான். இன்னாப்பா, வூடு தப்பி வந்துட்டியா?"

உள்ளேயிருந்து ராஜாங்கம் வந்தார். மனைவியைக் காபி போடச் சொல்லி அனுப்பினார்.

"வா நெடுமாறா, உக்காரு. அந்தப் பையன் திங்கட்கிழமை சென்னைக்குப் போறானா?"

"இன்னும் எதுக்குப் போறான்? நீங்கதான் தோத்துட்டீங்களே. வேலையத்த செலவுன்னு விட்டுட்டான்."

"நெசமாவா?"

"நெசந்தான். இப்ப உங்கமேல புகார் எழுதிட்டு இருக்கான்."

"எழுதட்டும். இல்லாத புள்ளைய எங்க போய்த் தேடுவாங்க?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"என்ன ஐயா இது? நானூறு பேர் உங்களைத் திருடன்னு சொல்றாங்க. செய்யாத தப்பை எதுக்கு ஒத்துக்கிட்டீங்க? சட்டம் நல்லதுன்னு இப்பத் தோணிடுச்சா?"

"அதெல்லாம் இல்ல. என் கருத்து அதேதான். ஆனா நான் பேசப் பேச அவனுக்கு வேகம் ஏறுது. நான் தோத்தாத்தான் அவன் நிறுத்துவான்னு தெரிஞ்சுது."

"அவன் டெஸ்ட் எடுத்தா உங்களுக்கென்ன?"

தெருப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கலியமூர்த்தியும் மாலாவும் பதினேழு வருஷம் முன்னாடி எங்க மாடியிலதான் குடியிருந்தாங்க. அப்புறம் தெருவுல யார் வாயிலேர்ந்தும் வந்துடக் கூடாதுன்னு வீட்டையே மாத்திக்கிட்டுப் போயிட்டாங்க. அவன் அப்பா அம்மா பேரைப் போட்டு எழுதினதும்தான், அது யாரு புள்ளைன்னு எனக்கே தெரிஞ்சுது."

"எது வந்துடக் கூடாதுன்னு?"

"அவனைப் பெத்தவ பிரசவத்துலயே போயிட்டா தம்பி. மூணு நாள் குழந்தையா அவனைத் தூக்கியாந்து மாலா மடியில வச்சது நானும் என் பொண்டாட்டியும்தான்."